நைல் ராட்ஜர்ஸின் முதல் தனி ஆல்பம்: மறந்துபோனதா, மறக்க வேண்டியதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். பழைய இசைத்தட்டு விற்பவரிடம், அமெரிக்க கிட்டாரிஸ்ட் நைல் ராட்ஜர்ஸ் 1983-இல் வெளியிட்ட 'அட்வென்ச்சர்ஸ் இன் தி லேண்ட் ஆஃப் தி குட் க்ரூவ்' கிடைத்திருக்கிறது. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறீர்கள், பிடித்திருக்கிறது. ஆனால் தேடிப் பார்த்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசுகிற ஓரிருவரும் உயிரில்லாத ஆல்பம் என்கிறார்கள். இது கவனிக்காமல் விடப்பட்ட நல்ல வேலையா, அல்லது தகுதி பார்த்துத்தான் ஒதுக்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: என் காதை நம்பலாமா? அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக நம்பலாம். அதே சமயம், குறை சொன்னவர்களும் கேட்கத் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் அந்த மனிதரின் குரலைக் கேட்டார்கள். நீங்கள் அவர் கையைக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். மெல்லிசைக் குழுக்களில் ஆரம்பித்து, அப்புறம் ரெக்கார்டிங். அதனால் வாசிப்பு பற்றி நான் சொல்வதை அனுபவம் உள்ளவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். பாடல் வரிகள் எப்படி, பாட்டு மனதைத் தொடுகிறதா என்பதிலெல்லாம் நானும் உங்களைப் போல ஒரு ரசிகன்தான். அங்கே என் தீர்ப்பை உங்கள் தீர்ப்போடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ராட்ஜர்ஸ் யார் என்பதைக் கொஞ்சம் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பேச முடியாது. 1952-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இளம் வயதில் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் சுற்றுப்பயணக் குழுவில் வாசித்தார், ஹார்லெமில் அப்பல்லோ தியேட்டரின் நிலையக் குழுவில் வாசித்தார். அதாவது யார் வந்து பாடினாலும் பின்னால் நின்று வாசிக்கிற வேலை. பேஸ் கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் எட்வர்ட்ஸோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஷீக் என்ற டிஸ்கோ (எழுபதுகளின் நடன இசை) குழுவின் அடிப்படை எண்ணமும் இந்தப் பின்னால் நிற்கிற குணத்திலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். லண்டனில் ராக்ஸி மியூசிக் குழுவைப் பார்த்து அந்த உடையிலும் தோரணையிலும் மயங்கினார். கிஸ் குழுவின் முகச்சாயத்தைப் பார்த்து, முகம் தெரியாமலும் ஒரு குழு பெரிதாக முடியும் என்று புரிந்துகொண்டார். இவற்றைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஷீக்கின் முதல் ஆல்பத்து அட்டையில் குழுவினர் இல்லை, இரண்டு மாடல் பெண்கள் இருந்தார்கள். முன்னால் நின்று பாடியவர்கள் நார்மா ஜீன் ரைட், ஆல்ஃபா ஆண்டர்சன், லூசி மார்ட்டின் போன்றவர்கள். ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் நல்ல சூட் போட்டுக்கொண்டு பின்னால் வாசித்தார்கள். எழுதியதும் தயாரித்ததும் அவர்கள்தான்.

ஷீக்குக்கு 1978-இல் 'லே ஃப்ரீக்' பாட்டு, 1979-இல் 'குட் டைம்ஸ்', அதே வருடம் சிஸ்டர் ஸ்லெட்ஜுக்காக 'வீ ஆர் ஃபேமிலி', 1980-இல் டயானா ராஸின் 'டயானா' ஆல்பம். தொட்டதெல்லாம் பொன்னாக இருந்த காலம் இது. ஆனால் கீழே விழுந்ததும் இதற்கு நடுவில்தான். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, டிஸ்கோவை வெறுத்தவர்கள் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துக் கொளுத்தினார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது, அடுத்த ஆட்டம் நடக்கவே இல்லை. 'குட் டைம்ஸ்' ஆகஸ்டில் முதலிடத்துக்கு வந்தது, ஒரு வாரத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு ஷீக் என்ற பெயரில் அவர்கள் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலின் முதல் 40-க்குள் வரவே இல்லை. 1980-இல் 'ரியல் பீப்பிள்', 1981-இல் 'டேக் இட் ஆஃப்', 1982-இல் 'டங் இன் ஷீக்' என்று ஆல்பங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பாடகி டெபி ஹாரிக்காகச் செய்த 'கூக்கூ' ஆல்பம் கூட எதிர்பார்த்த அளவு போகவில்லை. வாசிப்புத் தரம் இறங்கவில்லை. அவர்கள் மேல் டிஸ்கோ என்ற முத்திரை குத்தப்பட்டுவிட்டது, அந்த முத்திரையோடு வந்தால் வானொலிகளின் கதவு திறக்காது. நிலைமை அவ்வளவுதான்.

இந்தத் தாழ்வான நேரத்தில்தான் ராட்ஜர்ஸ் தனி ஆல்பம் செய்கிறார். வெளியிட்டது அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜெர்ரி கிரீன்பெர்க் நடத்திய மிராஜ் நிறுவனம். தனி ஆல்பம் என்று பெயரே தவிர, பேஸ் வாசித்தது எட்வர்ட்ஸ், ட்ரம்ஸ் ஷீக்கின் டோனி தாம்ப்சன். ஆக, அதே மூன்று பேர்தான். மாறியது ஒன்று: முகமும் குரலும் இப்போது ராட்ஜர்ஸுடையது.

ஆல்பத்தின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் குரல் மெல்லியது. சுருதி தப்பவில்லை, தாளத்தில் கெட்டியாக நிற்கிறது, ஆனால் ஒரு பாட்டை இழுத்துக்கொண்டு போகிற கனம் அதில் இல்லை. லூதர் வேண்ட்ராஸ் போன்ற ஒருவரைப் பின்னணிக் குரலாக வைத்துப் பழகிய இசையில், நடுவில் அந்த மெல்லிய குரல் தனியாக நிற்கும்போது அறை காலியாக இருப்பது போலத் தோன்றுகிறது. 'மை லவ் சாங் ஃபார் யூ' பாட்டில் சாரா டேஷ் வந்து சேர்ந்து பாடுவதைக் கேளுங்கள். லபெல் குழுவில் பாடியவர் அவர். டோனி தாம்ப்சனும் முன்னால் லபெலுக்கு வாசித்தவர்தான், அதனால் பழைய வீட்டுக்காரர்கள் சேர்ந்தது போன்ற ஒரு நெருக்கம் அந்தப் பாட்டில் எனக்குக் கேட்கிறது. சாரா வாய் திறந்த உடனே, மற்ற ஏழு பாட்டில் என்ன குறைகிறது என்று தெரிந்துவிடும். ஒரு பாடகர் பாட்டுக்குள் நுழைகிறார், மற்றவர் பாட்டைச் சொல்லிக்கொண்டு போகிறார். 'உயிரில்லை' என்று எழுதியவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

சரி, இனி நீங்கள் கேட்ட பக்கத்துக்கு வருவோம். தலைப்புப் பாட்டையோ 'யம்-யம்' பாட்டையோ போட்டுவிட்டு, குரலைக் காதிலிருந்து தள்ளி வைத்து, கிட்டாரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு அடியை நான்காகப் பிரித்து 'தகதிமி' என்று நான்கு அடிக்குச் சொல்லிப் பாருங்கள். மொத்தம் பதினாறு. ராட்ஜர்ஸின் வலது கை இந்தப் பதினாறையும் விடாமல் அடிக்கும்: 'த' கீழே, 'க' மேலே, 'தி' கீழே, 'மி' மேலே. கை ஊசல் போல, நிற்பதே இல்லை. ஆனால் காதில் சுருதியாக விழுவது ஐந்தோ ஆறோதான். மீதி இடங்களில் இடது கை, விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்திவிடுகிறது. அப்போது கம்பி பாடாது, 'சக்' என்று தட்டும். அந்த வாசிப்பு முறைக்கே 'சக்கிங்' என்றுதான் பெயர். ஆறு கம்பியையும் அமுக்கிப் பெரிய கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) பிடிக்கிற வேலையும் அவரிடம் அதிகம் கிடையாது. மேலே இருக்கிற மூன்று நான்கு கம்பியில் சின்னச் சின்னக் கார்டுகள், அதே கார்டின் அடுத்த அடுத்த வடிவங்களாகக் கிட்டாரின் கழுத்தில் ஏறி இறங்கும். கீழ்ச்சுருதியில் இருக்கிற இடம் முழுவதும் எட்வர்ட்ஸின் பேஸுக்கு விடப்பட்டிருக்கும்.

இந்த முறையை அவருக்குக் காட்டிக்கொடுத்தவரே எட்வர்ட்ஸ்தான். ராட்ஜர்ஸ் முதலில் ஜாஸ் கிட்டாரிஸ்ட். ஒருமுறை மயாமி பீச் பக்கம் வாசிக்கப் போனபோது, தன் கிப்சன் ஜாஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வந்தார். முதலில் கிட்டார் வாசித்துப் பழகியிருந்த எட்வர்ட்ஸ் அதில் இந்தக் கை அசைவைச் சொல்லித் தந்தார். அந்த வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர்தான் பிற்பாடு 'ஹிட்மேக்கர்' என்று பெயர் வாங்கியது. நாம் கேட்டிருக்கிற அவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதுவே.

இருபத்து மூன்று வயதில் இதை வாசிக்க முயன்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரனோம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் முன்கை இறுகிவிட்டது, நான்காவது நிமிடத்தில் 'சக்' எல்லாம் ஒரே சத்தத்தில் மொத்தையாக விழ ஆரம்பித்தது. நான் தப்பு செய்த இடம், அமைதியான அடிகளையும் சத்தமான அடிகளைப் போலவே பலமாக அடித்தது. ஒரு மூத்த வாத்தியக்காரர் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, "தம்பி, தூசி தட்டுற மாதிரி அடி, துணி துவைக்கிற மாதிரி அடிக்காதே" என்றார். ஆறு மாதம் ஆனது. அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்டபோதுதான், எத்தனை அடிகளை அவர் வாசிக்காமல் விடுகிறார் என்பது எனக்குக் காதில் விழுந்தது. ஷீக்கில் இதே வாசிப்பு வயலின்களுக்கும் கூட்டுக்குரலுக்கும் நடுவே ஓடும். இங்கே அந்தப் பூச்சு குறைவு. அதனால் விரல் தளர்கிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு அவர் கையின் அருகில் போய் நிற்க முடிகிறது. கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு 'லே ஃப்ரீக்'குக்கு முன்னால் இந்த ஆல்பத்தைக் கொடுக்கிறேன், காரணம் இதுதான்.

இன்னொன்று ட்ரம்ஸ். எழுபதுகளின் ஷீக் தட்டுகளில் தாம்ப்சனின் ட்ரம்ஸ் இறுக்கமாக, வறண்டு, சின்ன அறையில் வாசித்தது போல இருக்கும். இந்த ஆல்பத்தில் அது விரிகிறது. ஸ்நேர் என்கிற கூர்மையான ட்ரம்மின் அடி கனக்கிறது, பாட்டின் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. ஒரு நடனக் குழுவின் ட்ரம்மர் ராக் ட்ரம்மர் போலத் தோள் விரித்து அடிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்தச் சத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து சொல்லப்போவதற்கு அது தேவை.

1982-இல் ராட்ஜர்ஸ் நியூயார்க்கில் ஒரு கிளப்பில் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியைச் சந்திக்கிறார். அந்த டிசம்பரில் மான்ஹாட்டனின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்தின் ஒலிப்பதிவு நடக்கிறது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, வேலை முடிந்தது. போவி ஒரு பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் நாட்டுப்பாடல் போல வாசித்துக் காட்டிய பாட்டை ராட்ஜர்ஸ் நடனப் பாட்டாக மாற்றினார். ஒலிப்பதிவு செய்தவர் பாப் கிளியர்மவுன்டன். சில பாட்டுகளில் ட்ரம்ஸ் டோனி தாம்ப்சன், ஒரு பாட்டில் பேஸ் எட்வர்ட்ஸ். ஆல்பம் 1983 ஏப்ரலில் வந்தது. தலைப்புப் பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். போவியின் வாழ்க்கையிலேயே அதிகம் விற்ற ஆல்பம் அது. இதெல்லாம் பதிவாகியிருக்கிற விஷயங்கள், சந்தேகம் இல்லை.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பேச வேண்டும். தன் தனி ஆல்பத்தைப் போவிக்குப் போட்டுக் காட்டியதாகவும், அவர் அதை மெச்சியதாகவும் ராட்ஜர்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன், ஆனால் அது ஒருவருடைய நினைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை வைத்துக்கொண்டு சிலர் 'இந்த ஆல்பத்தைக் கேட்டதால்தான் போவி அவரைத் தயாரிப்பாளராக எடுத்தார்' என்று எழுதுகிறார்கள். அது கூடுதலாகப் போகிற பேச்சு. ஷீக்கையும் 'டயானா' ஆல்பத்தையும் செய்தவர் யார் என்று போவிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ட்ரம்ஸின் கனமும், கிட்டாருக்கும் குரலுக்கும் நடுவே விட்டிருக்கிற வெற்றிடமும் ஒரே கையெழுத்து. 'குட் க்ரூவ்' பட்டறை, 'லெட்ஸ் டான்ஸ்' கடையில் வைத்த நகை. இது என் காதின் முடிவு, ஆவணம் கிடையாது. ஆனால் இதே வேலையை வருடக்கணக்கில் செய்த காது.

அப்படியானால் ஏன் மறந்துபோனது? விற்பனை நிறுவனம் வேண்டுமென்றே அமுக்கிவிட்டது என்று ஒரு கதை இந்த மாதிரி எல்லா ஆல்பத்துக்கும் கிளம்பும். அதை நான் ஏற்கவில்லை, அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. டிஸ்கோ முத்திரை இன்னும் காயாமல் இருந்தது. குரல் நான் சொன்ன மாதிரி. இந்த இரண்டையும்விடப் பெரிய காரணம், அதே வருடத்தில் அதே மனிதர் செய்த 'லெட்ஸ் டான்ஸ்' வந்து எல்லாக் கவனத்தையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ராட்ஜர்ஸை எல்லோரும் தயாரிப்பாளராகத்தான் தேடினார்கள். டுரான் டுரானின் 'தி ரிஃப்ளெக்ஸ்' ரீமிக்ஸ், ஐஎன்எக்ஸ்எஸ்ஸின் 'ஒரிஜினல் சின்', 1984-இல் மடோனாவின் 'லைக் எ வர்ஜின்'. இந்தக் கடைசி ஆல்பத்தில் வாசித்திருப்பவர்கள் பட்டியலைப் பாருங்கள்: கிட்டார் ராட்ஜர்ஸ், பேஸ் எட்வர்ட்ஸ், ட்ரம்ஸ் தாம்ப்சன். உங்கள் தட்டில் இருக்கிற அதே மூவர். அந்த வாசிப்பைக் கோடிக்கணக்கான பேர் கேட்டுவிட்டார்கள், இன்னொருவருடைய பாட்டாக.

எனக்கு மனதை என்னவோ செய்கிற இடம் இது. மேடையில் பின்னால் நிற்கிறவர்கள் ஒருமுறை முன்னால் வந்து நிற்க ஆசைப்படுவது இயல்பு. குழுவில் என்னோடு வாசித்த எத்தனையோ பேர் ஒரு தனி ஆல்பம், ஒரு தனிப் பாட்டு என்று கையிலிருந்த காசைப் போட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை என்றால் அது கெட்ட இசை என்று ஆகிவிடாது. வாசிக்கிறவனுடைய நல்ல வேலை பாடுகிறவனுடைய குரலில் ஏறித்தான் ஊருக்குள் போகிறது. ராட்ஜர்ஸுக்கே அப்படித்தான் நடந்தது.

1985-இல் 'பி-மூவி மேட்டினி' என்று இன்னொரு தனி ஆல்பமும் செய்தார். அதில் சிந்தசைசரும் இயந்திரத் தாளமும் அதிகம். காலத்தோடு ஒட்டிய ஒலி, அதனாலேயே இன்றைக்குக் கேட்கும்போது முதல் ஆல்பத்தைவிடப் பழையதாகத் தெரிகிறது. இரண்டில் ஒன்று என்றால் கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தட்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நாற்பது வருடத்துத் தட்டு, அதனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைகிற மெல்லிய கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சத்தத்தில் வராது, தட்டுப்படுவது வரும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் வெள்ளையாகத் தேய்ந்த கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை போட்டு ஓடிய தட்டு என்று அர்த்தம். கோடே இல்லாமல், அட்டை மட்டும் பழசாக இருந்தால், வாங்கியவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுக்கிவைத்திருக்கிறார் என்று பொருள். இந்த ஆல்பத்தில் அப்படிப்பட்ட பிரதிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேட்பவருக்கு அது நல்லதுதான். இந்த 'சக்' சத்தமெல்லாம் மேல் அலைவரிசையில் இருப்பவை, ஊசி தேய்த்த தட்டில் முதலில் மங்குவதும் அவைதான். உங்கள் ஊசி பழசாக இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

அடுத்து என்ன கேட்பது என்றால், உடனே ஷீக்குக்கு ஓட வேண்டாம். அதே 1983-இல் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் 'கிளாட் டு பி ஹியர்' என்று ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். அதுவும் இதைப் போலவே மூழ்கிப்போனது. ஷீக்கின் 'பிலீவர்' ஆல்பமும் அந்த வருடம்தான் வந்தது, அதோடு குழு கலைந்தது. எட்வர்ட்ஸ் 1996 ஏப்ரலில் தோக்கியோவில் காலமானார். புடோகான் அரங்கில் ராட்ஜர்ஸோடு மேடையில் வாசித்துவிட்டு அறைக்குத் திரும்பியிருந்தார், நிமோனியா. தாம்ப்சன் 2003-இல் புற்றுநோயில் போனார். இப்போது அந்த மூவரில் ஒருவர்தான் இருக்கிறார். உங்கள் தட்டை அடுத்த முறை போடும்போது கிட்டாரை விட்டுவிட்டு, முழுப் பக்கமும் பேஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அப்புறம் அந்த விற்பவரிடம் போய் எட்வர்ட்ஸ் ஆல்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதன் தட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.